ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடு மாறும்போது

1957 செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரை அடுத்துள்ள லெக்சிங்டன் என்னும் ஊரின் ஃபிராங்க்ளின் தொடக்கப் பள்ளியில், ஆசிரியர்கள் தனித்தனி வகுப்புகளுக்கு அல்லாமல் குழுக்களுக்கு ஒதுக்கப்பட்டார்கள். ஒரு குழு ஆசிரியர்கள் சேர்ந்து, பல வகுப்புகள் அளவுக்கான குழந்தைகளுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்றார்கள். எந்தப் பாடத்தை யார் நடத்துவது, எந்தக் குழந்தை எந்தக் குழுவில் அமர்வது, எதை எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்வது, எதை ஐந்தாறு பேருக்கு மட்டும் அருகிலிருந்து சொல்லித்தருவது ஆகிய அனைத்தையும் அவர்களே கூடித் தீர்மானித்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டர்சனும் அவருடைய சக பணியாளர்களும் பள்ளி நிர்வாகத்துடன் இணைந்து இதை வடிவமைத்தார்கள். ஃபோர்டு அறக்கட்டளை சார்ந்த நிதியம் ஒன்று செலவுக்குப் பணம் தந்தது. சோவியத் ஒன்றியத்தின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்ட அதிர்ச்சியில் அமெரிக்கா செய்த கல்விச் சீர்திருத்தங்களில் இதையும் சேர்த்துப் பேசுவோர் உண்டு. ஸ்புட்னிக் விண்ணுக்குச் சென்றது அந்த ஆண்டு அக்டோபரில். லெக்சிங்டன் பள்ளி அதற்கு முந்தைய மாதமே வேலையைத் தொடங்கிவிட்டது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்ற முறையில், குழுவாகக் கற்பித்தல் குறித்து நான் படித்தவற்றிலும் பயிற்சிகளில் கேட்டவற்றிலும் ஒரு குறையைத் தொடர்ந்து காண்கிறேன். இரண்டு ஆசிரியர்கள் ஒரே அறையில் நின்று மாறி மாறிப் பாடம் நடத்தும் உத்தியாகவே அது பெரும்பாலும் விளக்கப்படுகிறது. உண்மையில் அது மாற்றுவது பாடவேளைக்குள் நடப்பதைக் காட்டிலும் பள்ளியின் அமைப்பைத்தான். குழந்தை யாருடைய பொறுப்பு, முடிவு எடுப்பவர் யார், ஆசிரியர்கள் எந்த நேரத்தில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள் என்ற மூன்றும் மாறவில்லையென்றால், ஓர் அறையில் எத்தனை ஆசிரியர்கள் நின்றாலும் பள்ளி பழைய பள்ளியாகவே இருக்கும்.

'ஒரு வகுப்பு, ஓர் அறை, ஓர் ஆசிரியர்' என்ற ஏற்பாடு தொன்றுதொட்டு வந்ததைப் போல நமக்குத் தோன்றினாலும், அதற்கு வயது அதிகமில்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்தார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கேயே உருவாக்கி, 1797இல் அதைப் பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார். அந்த முறையும் அதையொத்ததாக ஜோசப் லங்காஸ்டர் பரப்பிய முறையும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவின. ஒரு பெரிய கூடம், நூற்றுக்கணக்கான குழந்தைகள், ஓர் ஆசிரியர், பல சட்டாம்பிள்ளைகள் என்பதே அன்றைய நகரப் பள்ளியின் தோற்றமாக இருந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலர் ஹொரேஸ் மான் 1843இல் அன்றைய ஜெர்மன் அரசுகளுள் ஒன்றான பிரஷ்யாவுக்குச் சென்று, வயதும் தேர்ச்சியும் சார்ந்து குழந்தைகள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதைப் பார்த்துத் திரும்பினார். ஜான் ஃபில்பிரிக் தலைமையில் 1848 வாக்கில் பாஸ்டனில் இயங்கத் தொடங்கிய குவின்சி பள்ளி, அந்தப் பிரிவினையைக் கட்டடமாகவே எழுப்பிக் காட்டியது. பன்னிரண்டு வகுப்பறைகள், ஒவ்வோர் அறையிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி மேசை, ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஆசிரியர். அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாகப் பள்ளிகள் இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டன. முட்டைகளைத் தனித்தனிக் குழிகளில் அடுக்கும் அட்டையோடு இந்தக் கட்டட அமைப்பை ஒப்பிடுவது அமெரிக்கக் கல்வியாளர்களின் வழக்கம். ஆசிரியர் தொழிலை ஆராய்ந்து 1975இல் நூல் எழுதிய சமூகவியலாளர் டான் லார்ட்டி, ஆசிரியர்களின் தனிமைக்கும் அதனால் தொழிலறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சென்று சேராமல் போவதற்கும் இந்த அமைப்பே வேர் என்று விளக்கினார்.

லெக்சிங்டன் சோதனைக்குப் பின்னணியில் இரண்டு கவலைகள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த குழந்தைகள் பெருந்திரளாகப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள், ஆசிரியர்களோ போதவில்லை. இரண்டாவது கவலை எனக்கு மிக நெருக்கமானது. ஹார்வர்டு கல்வியியல் துறையின் தலைவராக அப்போது இருந்த ஃபிரான்சிஸ் கெப்பல், திறமையானவர்கள் ஆசிரியர் பணியில் நிலைப்பதில்லை என்று வருந்தினார். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர் செய்யும் வேலையும், நேற்றுச் சேர்ந்தவர் செய்யும் வேலையும் ஒன்றாகவே இருக்கின்றன; உயர வேண்டுமென்றால் வகுப்பறையை விட்டு நிர்வாகத்துக்குப் போக வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அது வேறு நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. நம் ஊரில் ஓர் இடைநிலை ஆசிரியருக்குக் கிடைக்கும் உயர்வு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் பணியிடமாக இருக்கும். இல்லையென்றால், பாடத் தகுதி இருந்தால், பட்டதாரி ஆசிரியர் பணியிடமாக இருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பதில் அவர் அடைந்த தேர்ச்சிக்கென்று ஒரு படி இல்லை.

ஆகவே லெக்சிங்டனில் குழுக்களுக்குள் படிநிலை வைத்தார்கள். குழுத் தலைவர், மூத்த ஆசிரியர், ஆசிரியர் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. தலைவருக்குக் கூடுதல் ஊதியம் உண்டு. அவர் வகுப்பறையை விட்டு நீங்குவதில்லை. குழந்தைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, குழுவின் திட்டத்துக்குப் பொறுப்பேற்று, புதியவர்களையும் வழிநடத்துவார். வருகைப் பதிவு, தாள் திருத்துதல், உணவு நேர மேற்பார்வை போன்ற வேலைகளுக்கு ஆசிரியர் அல்லாத உதவியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் நார்வாக் நகரில் ஏறத்தாழ அதே காலத்தில் நடந்த இன்னொரு திட்டம் இதைச் சிக்கனமாகச் செய்து பார்த்தது: மூன்று வகுப்புக் குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர்களும் ஓர் உதவியாளரும். மிச்சமான ஊதியம் ஆசிரியர்களின் ஊதிய உயர்வுக்கு வழிசெய்தது. ஆசிரியர் பணியிடத்தைக் குறைத்து உதவியாளரை வைக்கும் இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. கூட்டாகக் கற்பிப்பதன் பெயரால் ஆள்குறைப்பு நடக்கக்கூடும் என்பதற்கு அது அன்றே கிடைத்த எச்சரிக்கை.

இந்த மாற்றத்தில் தலைமையாசிரியரின் இடம் எவ்வளவு மாறுகிறது என்பது போதிய அளவுக்குப் பேசப்படுவதில்லை. பழைய அமைப்பில் தலைமையாசிரியர் ஒவ்வோர் ஆசிரியரோடும் தனித்தனியே தொடர்பு வைத்திருக்கிறார். ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே அவர் விருப்பம், வெளியே வந்தால் தலைமையாசிரியர் விருப்பம். குழு வந்தவுடன் இந்த இரண்டுமே இடம் பெயர்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கோயன், ஜான் மேயர் முதலியோர் 1970களின் தொடக்கத்தில், திறந்த அமைப்புள்ள பள்ளிகளில் குழுவாகப் பணியாற்றிய தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையும், தனி அறைகளில் பணியாற்றியவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். கதவு இல்லாமல், சக ஆசிரியர்களின் பார்வையிலேயே வேலை செய்பவர்கள் தங்கள் சுதந்திரம் குறைந்துவிட்டதாக உணர்வார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பள்ளியின் முடிவுகளில் தங்களுக்குச் செல்வாக்கு உண்டென்றும், தங்கள் தொழிலில் தங்களுக்குத் தன்னாட்சி கூடியிருக்கிறதென்றும் அவர்கள் சொன்னார்கள். தனியாக இருக்கும் ஆசிரியரின் சுதந்திரம் அறையின் நான்கு சுவர்களுக்குள் அடங்கியது. கால அட்டவணை, நூல்கள், குழந்தைகளைப் பிரிக்கும் முறை ஆகியவற்றைப் பற்றி அவர் தனியே போய்க் கேட்டால் அது கோரிக்கை. ஐந்து பேர் பேசி முடித்துவிட்டு வந்து சொன்னால் அது பள்ளியின் திட்டம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்களாக இருக்கும் நிலையில் இதன் பொருள் சிறியதன்று. அன்றாட அனுபவத்திலும் இதை நான் கண்டிருக்கிறேன்: கூட்டங்களில் ஒருவராகப் பேசத் தயங்கும் டீச்சர்கள், சேர்ந்து முடிவெடுத்த விஷயத்தைப் பற்றி அலுவலர் முன்னிலையில் உறுதியாகப் பேசுகிறார்கள்.

அடுத்தது நேரம். என் கருத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுவே. குழுவாகக் கற்பிக்க வேண்டுமானால், குழு ஆசிரியர்கள் அனைவரும் குழந்தைகள் இல்லாமல் ஒன்றாக அமரும் நேரம் வாரத்துக்கு ஒரு முறையாவது கால அட்டவணையில் இருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்குப் பாடம் இல்லாத பாடவேளை என்று ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அது கிடையாது. காலை வழிபாட்டுக் கூட்டம் முதல் மாலை நாட்டுப்பண் வரை குழந்தைகளோடுதான் இருக்கிறார். எனவே அவருக்கு ஒரு மணி நேரத்தை உருவாக்கித் தருவதற்குப் பள்ளி முழுவதையும் மாற்றி அடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு குழுவின் குழந்தைகள் அனைவரும் ஒரே நேரத்தில் இசைக்கோ விளையாட்டுக்கோ ஓவியத்துக்கோ செல்ல வேண்டும். அதற்குத் தனி ஆசிரியர்கள் வேண்டும். அந்த ஆசிரியர்களின் நேரம் மற்றக் குழுக்களோடு மோதக் கூடாது. கால அட்டவணை தயாரித்த அனுபவமுள்ள எவருக்கும், இதில் ஒரு கட்டத்தை நகர்த்தினால் எத்தனை கட்டங்கள் நகரும் என்பது தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாமல் அதன் அருமையைப் புரியவைக்க முடியாது. நான் பணியாற்றிய ஈராசிரியர் பள்ளியொன்றில், நான்கு, ஐந்தாம் வகுப்புகளை ஒன்றாக அமரவைத்துப் பின்னங்களை நடத்தினோம். நான் கரும்பலகை அருகில். உடன் பணியாற்றிய டீச்சர் பின்வரிசையில் குழந்தைகளோடு பாயில் அமர்ந்திருந்தார். காகிதத்தை மூன்றாக மடித்து ஒரு பங்கை வண்ணம் தீட்டு என்றேன். எல்லோரும் சரியாகச் செய்தார்கள். நான்காக மடித்து ஒரு பங்கைத் தீட்டு என்றேன், அதுவும் சரி. 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்று கேட்டபோது வந்த பதிலும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நான் அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். பகல் உணவின்போது, குழந்தைகள் தட்டு கழுவும் குழாயருகே நின்றபடி, தம் அருகில் அமர்ந்திருந்த ஒரு சிறுமியைப் பற்றி டீச்சர் சொன்னார்: "சார், அந்தப் பிள்ளை விடையைப் பக்கத்தில் பார்த்து எழுதவில்லை, தானாகத்தான் எழுதினாள். ஆனால் காகிதத்தைப் பார்க்காமல் எழுதச் சொன்னால் நான்குதான் பெரிய எண், அதனால் 1/4தான் பெரியது என்கிறாள். காகிதம் வேறு, கணக்கு வேறு என்று வைத்திருக்கிறாள். அவளைப் போல இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்." கரும்பலகையின் அருகில் நிற்பவருக்குத் தெரியவே முடியாத செய்தி அது. மறுநாள் அந்தச் சிலரை மட்டும் டீச்சர் தனியே அமரவைத்து, மடித்த காகிதத்தின் மேலேயே பின்னத்தை எழுதவைத்து, ஒரே அளவுள்ள காகிதங்களை மூன்றாகவும் நான்காகவும் ஆறாகவும் கிழித்து அடுக்கவைத்தார். மற்றவர்களோடு நான் சமான பின்னங்களுக்குச் சென்றேன். அன்றாடம் நூறு சிறிய முடிவுகள் இப்படி மாறுகின்றன என்பதுதான் கூட்டுக் கற்பித்தலின் பயன். ஆனால் அந்த உரையாடலுக்கு எங்களுக்குக் கிடைத்த இடம் தண்ணீர்க் குழாயடி. கிடைத்த நேரம் சோறு பரிமாறி முடிந்ததற்கும் மணி அடிப்பதற்கும் இடைப்பட்டது.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். லெக்சிங்டனில் 1961இல் குழுக் கற்பித்தலுக்கென்றே எஸ்டாபுரூக் பள்ளி கட்டப்பட்டது. பெரிய குழுவுக்கும் சிறிய குழுவுக்கும் ஏற்ற வெவ்வேறு அளவு இடங்கள் அதில் இருந்தன. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வட அமெரிக்காவில் ஏராளமான பள்ளிகள் சுவரே இல்லாமல் கட்டப்பட்டன. பல இடங்களில் சுவர் மட்டும் போனது. நேரமும் பொறுப்பும் மாறவில்லை. பக்கத்து வகுப்பின் சத்தம் தாங்காமல் ஆசிரியர்கள் அலமாரிகளை வரிசையாக நிறுத்தித் தங்கள் வகுப்பைத் தனியாக்கிக்கொண்டார்கள். பின்னர் நிர்வாகங்களே சுவரெழுப்பின. இதைப் படிக்கும்போது நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் நீண்ட ஓட்டுக் கூடங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகள், இடையில் தாங்கியில் நிறுத்திய கரும்பலகை, ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் ஆத்திசூடி. சுவரில்லாமை மட்டும் குழுவை உருவாக்காது என்பதற்கு நமக்கு அமெரிக்கச் சான்று தேவையில்லை.

தேர்ச்சியைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்ல வேண்டியது இதுதான்: குழுக் கற்பித்தலால் மதிப்பெண் உயர்கிறது என்று அந்தக் கால ஆய்வுகள் நிறுவவில்லை. 1977இல் டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங் அவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, உறுதியான முடிவுக்கு வர இடமில்லை என்றே எழுதினார். குழு என்ற பெயரில் ஒவ்வொரு பள்ளியும் வெவ்வேறு வேலையைச் செய்துகொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம். குழுக்களின் ஆயுளும் குறைவாக இருந்தது. பாடத்தைப் பங்கிட்டுக்கொண்டு, 'கணக்கு உனக்கு, மொழி எனக்கு' என்று குழந்தைகளை அறைக்கு அறை அனுப்புவதோடு பல குழுக்கள் நின்றுவிட்டன. அது வேலைப் பிரிவினை. ஒருவர் கண்டதை மற்றவர் பயன்படுத்தும் வழி அதில் இல்லை.

இந்த முறை மீண்டும் வலுவாக வந்தது சிறப்புக் கல்வியின் வழியாக. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளியில் கல்வி பெறும் உரிமையை 1975ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் உறுதிசெய்தபின், சிறப்பாசிரியர் குழந்தையைத் தனியறைக்கு அழைத்துச் செல்வதா, தாமே வகுப்பறைக்குள் வருவதா என்ற கேள்வி எழுந்தது. லின் குக், மர்லின் ஃபிரெண்ட் ஆகிய இருவரும் 1990களில் இணைந்து எழுதியவை, இரண்டு ஆசிரியர்கள் ஓர் அறையில் எந்தெந்த முறைகளில் வேலையைப் பகிரலாம் என்பதை வகைப்படுத்தின. ஒருவர் நடத்த இன்னொருவர் சுற்றி வந்து உதவும் முறை எளிது என்பதால் அதுவே எங்கும் பரவியது. அதில் சிறப்பாசிரியர் எடுபிடியாக மாறிவிடும் ஆபத்தும் பரவியது. அவருக்கும் பாடத்திட்டத்தில் சம பங்கு வேண்டுமென்றால், அவருடைய நேரமும் வகுப்பாசிரியரின் நேரமும் பொருந்த வேண்டும். மறுபடியும் கால அட்டவணைதான்.

தமிழ்நாட்டில் நாம் குழந்தைகளின் பக்கத்தில் வகுப்பு எல்லையை ஏற்கெனவே உடைத்திருக்கிறோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒன்று முதல் நான்கு வரையிலான குழந்தைகள் ஓர் அறையில் கலந்து அமர்ந்து, கற்றல் ஏணியில் தத்தம் படிக்குரிய அட்டையை எடுத்துப் படித்தார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரையிலான குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். இரண்டுமே துணிச்சலான முயற்சிகள். அவற்றின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆசிரியரின் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. பல நிலைகளிலுள்ள குழந்தைகளுக்கு நடுவில் ஓர் ஆசிரியர் தனியாகத்தான் அமர்ந்திருந்தார். அரும்பு நிலைக் குழந்தைகள் எல்லோரையும் ஒருவரும், மலர் நிலையினரை இன்னொருவரும் காலையில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, பிறகு யாரை எந்த நிலைக்கு மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்பதற்கு இரண்டு மூன்று ஆசிரியர்கள் உள்ள பள்ளியிலேயே வாய்ப்பு உண்டு. அதற்கான ஏற்பாடு மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். இரண்டு பேருக்கு ஐந்து வகுப்புகள் என்னும்போது, 'ஒன்று, இரண்டு, மூன்று உங்களுக்கு. நான்கு, ஐந்து எனக்கு' என்று பிரித்துக்கொள்வதே வழக்கம். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ சென்றால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்ப்பார். அவரிடமிருக்கும் மூன்று வகுப்புக் குழந்தைகளின் நிலை இவருக்குத் தெரியாது. கூட்டுப் பொறுப்பாக இருந்திருந்தால், குறைந்தபட்சம் எந்தக் குழந்தைக்கு எது வரவில்லை என்றாவது தெரிந்திருக்கும்.

பெற்றோரின் ஐயத்தையும் ஒதுக்க முடியாது. "என் பிள்ளைக்கு டீச்சர் யாரு?" என்று கேட்கும் தாய்க்கு 'நாங்கள் எல்லோரும்' என்ற பதில் போதாது. ஐந்து வயதில் வீட்டைவிட்டு வரும் குழந்தைக்கு, காலையில் பெயர் சொல்லி அழைத்து, முகம் வாடியிருந்தால் கண்டுகொள்ளும் ஒருவர் தேவை. எனவே குழு எவ்வளவு விரிந்தாலும், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெயரைப் பொறுப்பாளராக எழுதிவைக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒன்றாம் வகுப்பில் அந்த ஒருவரோடு அதிக நேரமும், ஐந்தாம் வகுப்பில் குறைந்த நேரமும் என்று படிப்படியாக விரிக்கலாம்.

எங்கள் பள்ளியில் அந்தக் கூட்டு முறை, டீச்சர் பொது மாறுதல் கலந்தாய்வில் தம் சொந்த ஊருக்கு அருகில் இடம் கிடைத்துச் செல்லும் வரை நடந்தது. அவருக்குப் பின் வந்தவர் நல்ல ஆசிரியர். அவர் வந்த முதல் நாளிலேயே எந்த வகுப்புகள் தமக்கு என்று கேட்டார்; கேட்டது முறைதான், ஏனென்றால் பணிப் பதிவேட்டிலும் வருகைப் பதிவேட்டிலும் பாடக்குறிப்பேட்டிலும் ஆளுக்கொரு வகுப்பு என்றுதான் இடம் இருக்கிறது. லெக்சிங்டனில் குழுத் தலைவர் என்பது ஒரு பணியிடமாக இருந்தது. ஆள் மாறினாலும் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார், குழு தொடரும். இங்கே இருவர் மனமொத்துச் செய்ததற்குப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லாததால், ஒருவர் போனதும் ஐந்து வகுப்புகளும் மறுபடி மூன்றும் இரண்டுமாகப் பிரிந்தன. அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையில், வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பாடவேளையை 'ஆசிரியர் கலந்துரையாடல்' என்று எழுதி, அந்த நேரத்தில் குழந்தைகளை வாசிப்பில் அமர்த்துவதற்கு இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் ஒருவரின் உதவியைக் கேட்டு, வட்டாரக் கல்வி அலுவலரின் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறேன்.